தையல் இயந்திரம் வாங்க மதுரை போனோம்!



கீழக்கரையிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் செல்வது நம் பகுதி மக்களுக்குப் புதிதல்ல. மருத்துவம் பார்க்க, கல்யாண ஜவுளி எடுக்க, வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளையை விமான நிலையத்தில் வரவேற்க என்று வருடத்தில் பலமுறை போய் வருகிறோம். ஆனால் ஒரு தையல் இயந்திரம் வாங்குவதற்காக நான்கு பேர் கூடி, ஃபஜ்ரு தொழுகையை முடித்துக்கொண்டு புறப்பட்டோம் என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். "இராமநாதபுரத்தில் கிடைக்காத இயந்திரமா?" என்று கேட்கத் தோன்றலாம். அதற்குப் பின்னே ஒரு கதை உண்டு. அந்தக் கதையில் தவறு செய்தவன் நான்தான் என்பதால் அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு சகோதரி. இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். இரண்டு பிள்ளைகள். இத்தா முடிந்ததும் அவருக்கு ஏதாவது ஒரு கைத்தொழில் அமைத்துக் கொடுக்கவேண்டும் என்று விரும்பினேன். அவருக்குத் தையல் தெரியும். எனவே என் ஸக்காத்துப் பணத்திலிருந்து ஒரு தையல் இயந்திரம் வாங்கிக் கொடுத்தேன். கடையில் பார்த்தேன், வெள்ளை நிறத்தில், மேசைமேல் வைக்கக்கூடியதாக, மின்சாரத்தில் ஓடுவதாக, பூ வேலையெல்லாம் செய்வதாக ஒன்று இருந்தது. அழகாக இருந்தது, வாங்கிவிட்டேன். நாலு பேர் முன்னிலையில் கொடுத்தோம். ஒருவர் புகைப்படமும் எடுத்தார்.

ஓராண்டு கழித்து ஒருநாள் என் துணைவியாருடன் அந்த வீட்டிற்குச் சென்றேன். இயந்திரம் மூலையில் இருந்தது. அதன்மேல் மடித்த துணிகள் அடுக்கப்பட்டிருந்தன. என் பார்வை அங்கே போனதைக் கண்ட அந்தச் சகோதரி, "மெஷின் நல்ல மெஷின்தான் காக்கா. எனக்குத்தான் அதைப் பழக்கத் தெரியலை" என்றார். கொடுத்தவர் மனம் நோகக்கூடாது என்பதற்காகச் சொன்ன சொல் அது. உண்மை பிறகு தெரிந்தது. மதரஸா பிள்ளைகளுக்குக் கனத்த துணியில் பை தைக்கும்போது உள்ளே ஏதோ முறிந்திருக்கிறது. பழுது பார்ப்பவர் ஊரில் இல்லை. போதாக்குறைக்கு, மாலையில் அவர் தைக்க உட்காரும் நேரத்தில்தான் மின்சாரம் போகும்.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் கொடுத்தது என் கண்ணுக்குப் பிடித்ததை. அவர் கைக்கு ஏற்றதை அன்று!

பணம் யார் கையில்?

எங்கள் பள்ளிவாசல் ஆலிம் அவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்ன விளக்கம் என் கண்ணைத் திறந்தது. தொழில் தெரிந்த ஏழைக்கு அவரவர் தொழிற்கருவியை வாங்கும் அளவுக்கு ஸக்காத்திலிருந்து கொடுக்கவேண்டும் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது 'மஜ்மூஃ' நூலில் எழுதியிருக்கிறார்கள். விலை குறைந்த கருவியானாலும் சரி, கூடிய கருவியானாலும் சரி. ஸக்காத்து என்பது பெறுபவருக்கு முழு உரிமையாக வேண்டிய பொருள். எனவே, ஷாஃபிஈ மத்ஹபினராகிய நாம் அந்தத் தொகையை உரியவர் கையிலேயே கொடுத்துவிடுவதுதான் பேணுதல். அவர் தமக்கு வேண்டியதைத் தாமே தேர்ந்தெடுத்து வாங்கிக்கொள்ளட்டும். நாம் துணைக்குப் போகலாம்.

இந்த ஆண்டு அப்படியே செய்தேன். பணத்தை அவரிடம் ஒப்படைத்தேன். "மதுரையில் பழைய தையல்காரர் ஒருவரைத் தெரியும், அவரிடம் யோசனை கேட்டு வாங்குவோம், வாம்மா" என்றேன். அவரும், அவருடைய தம்பியும், என் துணைவியாரும், நானுமாகப் புறப்பட்டோம். பழுதான வெள்ளை இயந்திரத்தையும் ஒரு பெட்டியில் கட்டி எடுத்துக்கொண்டோம்.

புதுமண்டபத்துத் தையல்காரர்கள்

பரமக்குடி, மானாமதுரை, திருப்புவனம் எல்லாம் தாண்டி மாட்டுத்தாவணியில் இறங்கினோம். அங்கிருந்து நகரப் பேருந்தில் வைகையைக் கடந்து ஊருக்குள் சென்றோம்.

மதுரையில் தையல் என்றதும் முன்னாளில் எல்லோருக்கும் நினைவு வருவது புதுமண்டபம். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்திற்கு எதிரே, 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் எழுப்பிய கல்மண்டபம் அது. சிற்பத் தூண்களுக்கு இடையே புத்தகக் கடை, வளையல் கடை, பாத்திரக் கடை என்று ஏராளமான கடைகள் இருந்தன. அவற்றுக்கு நடுவே வரிசை வரிசையாகத் தையல்காரர்கள். நீங்கள் பக்கத்துக் கடையில் துணி வாங்கிக் கொடுத்துவிட்டு, ஊர் சுற்றிவிட்டு வந்தால், மாலைக்குள் பாவாடையும் சட்டையும் தைத்து மடித்து வைத்திருப்பார்கள்.

அத்தையல்காரர்களில் பலர் நம் சமுதாயத்தவர் என்பது உங்களில் சிலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வேடம் பூணும் இந்து அன்பர்களுக்கான உடைகளை வழிவழியாகத் தைத்துக் கொடுத்தவர்களில் முஸ்லிம் தையல்காரர்களும் உண்டு. அவர்கள் வழி அவர்களுக்கு, நம் வழி நமக்கு. ஆனால் ஊசியும் நூலும் நாணயமும் இரு சாராரையும் இணைத்து வைத்திருந்தன.

இன்று நீங்கள் புதுமண்டபத்துக்குச் சென்றால் அந்தக் கடைகளைக் காணமுடியாது. பழம்பெரும் மண்டபத்தைப் பாதுகாக்கவேண்டும் என்பதற்காக 2021, 2022 ஆண்டுகளில் கடைகளை அருகிலுள்ள குன்னத்தூர் சத்திர வளாகத்துக்கு மாற்றிவிட்டார்கள். நான் தேடிச் சென்ற பெரியவரும் அங்கேதான் இருந்தார். சிறுவயதில் காஜா எடுக்கத் தொடங்கி, தாடி நரைத்த இந்நாள்வரை அதே தொழில். முன்பு கல்தூண் நிழலில் கண்ட அதே கறுப்பு இயந்திரம், இப்போது புதிய கட்டடத்தின் விளக்கொளியில் அதே கடகட ஓசையுடன் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று கேள்விகள்

"வாங்க பாய், உக்காருங்க" என்று வரவேற்றவர், வந்த விஷயத்தைக் கேட்டதும் என்னைப் பார்க்கவில்லை. அந்தச் சகோதரியைப் பார்த்துக் கேட்டார்:

"என்னம்மா தைக்கப் போறே? மெஷினை எங்கே வைப்பே? ரிப்பேர்னா யாரு வருவா?"

நேயர்களே, தையல் இயந்திரம் வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் கடைக்குள் நுழையுமுன் விடை சொல்லவேண்டிய கேள்விகள் இவை மூன்றும்தான்.

ரவிக்கை, பாவாடை, சுரிதார், மக்கனா, புர்கா, பள்ளிச் சீருடை ஆகியவற்றுக்கு நேர்த்தையல் போதும். இதற்கு நம் பாட்டிமார் காலத்துக் கறுப்பு இயந்திரமே உற்ற துணை. சேலைக்குப் பிக்கோ அடிக்கவும் ஓரம் கட்டவும் பூத்தையலுக்கும் கோணல்மாணலாக ஓடும் 'ஜிக்ஜாக்' தையல் தேவை. வெள்ளை இயந்திரங்களின் பயன் அங்கேதான். ஆயத்த ஆடை நிறுவனங்களில் ஓடும், தொழிலாளர் 'ஜூக்கி மெஷின்' என்று அழைக்கும் அதிவேக இயந்திரம் வீட்டுத் தேவைக்கு மிகை. நாள் முழுவதும் மொத்தமாகத் தைப்பவர்களுக்கே அது கட்டுபடியாகும்.

கறுப்பு இயந்திரத்திலும் வகை உண்டு. சாதாரண 'டெய்லர் மாடல்' ஒன்று. அதைவிட வேகமாகவும் ஓசை குறைவாகவும் ஓடும் 'லிங்க் மாடல்' மற்றொன்று. கையால் சுழற்றுவது, காலால் மிதிப்பது, மோட்டார் பொருத்தியது என்று ஓட்டும் முறையும் மூன்று. காலால் மிதிப்பதில் இரு கைகளும் துணியைப் பிடிக்க ஓய்வாக இருக்கும். மின்சாரத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. பின்னர் வேண்டுமானால் அதே தலைப்பாகத்துக்கு மோட்டார் மாட்டிக்கொள்ளலாம்.

எங்கள் வெள்ளை இயந்திரத்தைப் பெரியவர் திறந்து பார்த்தார். உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒன்று உடைந்திருந்தது. "மெஷின் மேல குத்தமில்லை. மெல்லிசுத் துணிக்குச் செஞ்சதை வச்சுப் பை தைச்சா அது என்ன பண்ணும்?" என்றார். நான் தலைகுனிந்துகொண்டேன்.

இணையத்திலும் சந்தையிலும் கைக்கு அடக்கமான சின்னஞ்சிறு தையல் கருவிகள் குறைந்த விலைக்கு விற்கிறார்களே, அவற்றைப் பற்றியும் கேட்டேன். அவற்றுள் பலவும் ஒற்றை நூலால் சங்கிலித் தையல் போடுபவை. முனையை இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்துவிடும். நல்ல இயந்திரம் மேல்நூலும் பாபின் நூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும்படி தைக்கும். பிள்ளைகள் விளையாடுவதற்கு வேண்டுமானால் அவை ஆகலாம், பிழைப்புக்கு ஆகா.

கொஞ்சம் வரலாறு

இந்த இயந்திரம் பிறந்த கதையும் சுவையானது. 1830இல் பிரான்சு நாட்டுத் தையல்காரர் பார்த்தெலமி திமோனியே ஒரு தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பாரிஸ் நகரில் இராணுவ உடை தைக்க அவர் அமைத்த கூடத்தை, பிழைப்புப் போய்விடுமே என்று அஞ்சிய மற்றத் தையல்காரர்கள் 1831இல் புகுந்து நொறுக்கினார்கள். 1846இல் அமெரிக்காவின் எலியாஸ் ஹோவ் இரட்டை நூல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1851இல் ஐசக் சிங்கர் தம் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். இயந்திரங்களைப் பொதுவாக விரும்பாத காந்தியடிகள்கூட, 1924இல் ஓர் உரையாடலில் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்களித்துப் பாராட்டினார். மனைவி படும் பாட்டைக் குறைக்கும் அன்பிலிருந்து பிறந்தது அது என்பது அவர் கருத்து. நம் நாட்டிலே 1930களில் கல்கத்தாவில் உஷா இயந்திரத் தயாரிப்பு தொடங்கியது. பஞ்சாபின் லூதியானா நகரமும் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது.

இயந்திரம் புதிது; தையல் பழையது. முதன்முதலில் துணி தைத்து உடுத்தியவர் நபி இத்ரீஸ் (அலை) அவர்கள் என்று நம் வரலாற்று நூல்கள் கூறும். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வீட்டிலே தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களோ தோலைப் பதனிட்டு, தைத்து, அந்த வருமானத்தைத் தருமம் செய்தார்கள். 'நீண்ட கையுடையவர்' என்று நாயகம் (ஸல்) அவர்கள் குறிப்பால் புகழ்ந்தது அவர்களைத்தான். கைத்தொழில் செய்யும் பெண்ணை யாரேனும் இழிவாக நினைத்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கடையில் நடந்தது

காஜிமார் தெருவிலுள்ள பெரிய பள்ளிவாசலில் லுஹர் தொழுதோம். 13ஆம் நூற்றாண்டில் காஜி செய்யிது தாஜுத்தீன் (ரஹ்) அவர்கள் காலத்தில், பாண்டிய மன்னர் வழங்கிய நிலத்தில் எழுந்தது என்று கூறப்படும் பழைமையான பள்ளி அது. பெண்கள் அருகிலிருந்த உறவினர் வீட்டில் தொழுதுகொண்டார்கள். பின்னர், பெரியவர் தம் வேலையை நிறுத்திவிட்டுத் தாமே எங்களைக் கடைக்கு அழைத்துச் சென்றார்.

கடைக்காரர் முதலில் காட்டியது பளபளப்பான பொன்னிறப் பூப்போட்ட இயந்திரத்தை. பெரியவர் அதைத் தொடவே இல்லை. "பூ தைக்காது தம்பி" என்றார். பிறகு ஒரு டெய்லர் மாடலைத் தேர்ந்து, அந்தச் சகோதரியை உட்காரச் சொன்னார். அவர் செய்யச் சொன்ன சோதனைகளை உங்களுக்காக அன்றே குறித்துக்கொண்டேன்.

முதலில் நூல் கோக்காமல் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றவேண்டும். ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்தால் அதை விட்டுவிடுங்கள். ஊசி, தகட்டின் துளைக்கு நடுவே இறங்குகிறதா என்று பாருங்கள். ஊசிக்கம்பியைப் பிடித்து அசைத்தால் ஆடக்கூடாது.

அடுத்தது காகிதச் சோதனை. கோடு போட்ட காகிதத்தைப் பாதத்தின் அடியில் வைத்து, பழைய ஊசியால் நூலின்றி ஓட்டுங்கள். துளைகள் ஒரே இடைவெளியில் நேராக விழவேண்டும். அப்படியே பின்னோக்கி ஓட்டினால் ஏறத்தாழ அதே துளைகளில் விழவேண்டும். துணியை நகர்த்தும் பற்கள் செம்மையாக இருப்பதற்கு இதுவே சான்று.

மூன்றாவதாக, மேலே ஒரு நிறமும் பாபினில் வேறு நிறமுமாக நூல் கோத்து, இரட்டைத் துணியில் தைத்துப் பாருங்கள். மேல்நூல் அடிப்பக்கத்தில் தொளதொளவென்று தெரிந்தால் மேலே இறுக்கம் போதவில்லை. பாபின் நூல் மேற்பக்கத்தில் தலைகாட்டினால் மேலே இறுக்கம் அதிகம், அல்லது பாபினில் தளர்வு. பாபின் கேஸை நூலைப் பிடித்துத் தொங்கவிட்டால் அது தானாக வழுக்கிவிடக்கூடாது. லேசாகச் சுண்டினால் சிறிதே இறங்கவேண்டும். இந்தத் திருகுகளைச் சரிசெய்வதைக் கடைக்காரர் கையாலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக, நீங்கள் அன்றாடம் தைக்கப்போகும் துணியைக் கையோடு கொண்டுபோங்கள். வழுக்கும் புர்காத் துணி ஒரு துண்டு, மடித்த கனத்த துணி ஒரு துண்டு. மெல்லிய துணிக்கு 11ஆம் எண் ஊசி, சாதாரணப் பருத்திக்கு 14 அல்லது 16, கனத்த துணிக்கு 18 என்று ஊசியையும் மாற்றிப் பாருங்கள். தையல் தாண்டித் தாண்டி விழுந்தால் இயந்திரத்தைக் குறை சொல்வதற்கு முன் ஊசியை மாற்றுங்கள். பல நேரங்களில் குற்றம் அங்கேதான் இருக்கும்.

தலைப்பாகம், மேசைப்பலகை, இரும்புக் கால் மூன்றுக்கும் தனித்தனி விலை என்பதையும் மறக்காதீர்கள். தலைக்கு மட்டும் விலை பேசிவிட்டுப் பிறகு திகைப்பவர்கள் உண்டு. கால் சமமாக நிற்கிறதா, ஆடுகிறதா என்று தரையில் வைத்துப் பாருங்கள். பழைய இயந்திரம் வாங்குவதிலும் தவறில்லை. பற்கள் தேயாமலும் உள்ளே துரு ஏறாமலும், உதிரி பாகம் கிடைக்கக்கூடியதாகவும் இருந்தால் போதும்.

எல்லாம் முடிந்தது. அந்தச் சகோதரி மெல்ல மிதித்தார். முதலில் சக்கரம் பின்பக்கம் சுழன்றது; நூல் சிக்கியது. அவர் முகம் வாடியது. பெரியவர் சிரித்து, "நூலைக் கழட்டிட்டு நாலு நாள் வெறும் மெஷினை மிதிம்மா. கால் பழகட்டும்" என்றார். மறுபடி மிதித்தார். இம்முறை தையல் நேராக ஓடியது. ஓடிய துணியை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தவர், "இது போதும் காக்கா" என்றார். நான் பேசவில்லை. விலை பேசியதும், பணத்தை எண்ணிக் கொடுத்ததும், ரசீதில் தம் பெயரை எழுதச் சொன்னதும் அவரேதான்.

தவணையும் வட்டியும்

கடைக்காரர், "தவணையில வேணும்னாலும் எடுத்துக்கலாம், வட்டி கொஞ்சந்தான்" என்று சொல்லிப் பார்த்தார். தவணை வியாபாரம் உலகில் பரவியதில் தையல் இயந்திரத்துக்குப் பெரும் பங்குண்டு. 1850களிலேயே சிங்கர் நிறுவனம் அவ்வழியில் விற்கத் தொடங்கிவிட்டது. தவணை என்பது தன்னளவில் விலக்கப்பட்டதன்று. வாங்கும்போதே ஒரே விலையை முடிவாகப் பேசிக்கொண்டு, அதைப் பிரித்துக் கொடுப்பது கூடும் என்பது பெரும்பான்மை மார்க்க அறிஞர்களின் கருத்து. நாள் தவறினால் தொகை ஏறும் என்றால் அங்கே வட்டி நுழைந்துவிடுகிறது. ஐயம் இருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஜமாஅத்தில் பைத்துல்மால் இருந்தால் அழகிய கடன் கேளுங்கள். தமிழக அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டமும், மாவட்டந்தோறும் உள்ள முஸ்லிம் மகளிர் உதவும் சங்கங்களும் இருக்கின்றன. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் விவரம் கிடைக்கும்.

கடற்கரை ஊராருக்கு

விடைபெறும்போது எங்கள் ஊர் கீழக்கரை என்பதை நினைவுபடுத்தி, பெரியவர் ஓர் எச்சரிக்கை சொன்னார். உப்புக்காற்று இரும்பின் எதிரி. தைத்து முடித்ததும் பஞ்சையும் தூசியையும் துடைத்துவிட்டு, துணியுறையால் மூடவேண்டும். பாலித்தீன் உறை ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். எண்ணெய் விடுவதென்றால் தையல் இயந்திர எண்ணெய்தான். கையருகே இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை விட்டால் அது பிசுபிசுத்து உறைந்து இயந்திரத்தையே கட்டிப் போட்டுவிடும். எண்ணெய் விட்டபின் ஒரு கந்தைத் துணியில் சற்று ஓட்டிவிட்டால் நல்ல துணியில் கறை படியாது.

வெள்ளை இயந்திரத்தை என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. அது அவருடைய பொருள். அவரே பல்சக்கரத்தை மாற்றித் தரும்படி பெரியவரிடம் விட்டுவிட்டு வந்தார். "பிக்கோ அடிக்க ஆகும்ல" என்றார். பெரியவர் தம் யோசனைக்கும் அலைச்சலுக்கும் ஒரு காசும் வாங்கவில்லை. "துஆச் செய்யுங்க" என்றார்.

இரவு இஷாவுக்குப் பிறகு ஊர் வந்து சேர்ந்தோம். இப்போது அந்த வீட்டைக் கடந்து பள்ளிக்குச் செல்லும்போது கடகடவென்ற ஓசை காதில் விழுகிறது. மின்சாரம் இல்லாத பகல் வேளையிலும் விழுகிறது.

அன்பு நேயர்களே! ரமலான் வரும்போது நம் ஊர்களில் தையல் இயந்திரம் வழங்கும் விழாக்கள் நடக்கும், நல்ல பணிதான். ஆனால் மேடையில் வரிசையாக நிறுத்திப் படம் எடுக்குமுன், பெறப்போகும் சகோதரியிடம் அந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அவர் சொல்லும் விடையின்படி செய்யுங்கள். முடிந்தால் பணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, கடைவரை துணைக்குச் செல்லுங்கள். கொடுத்த இயந்திரம் ஓடுகிறதா என்று ஆறு மாதம் கழித்து ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

உழைத்து உண்ணும் கைகளுக்கு அல்லாஹ் பரக்கத்தை அருள்வானாக! நம் கொடைகளை ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.